இடது கையில் நீட்டிய ஐம்பது காசு

கிராணியார் முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

நீட்டிய கையில் ஓர் ஐம்பது காசு இருந்தது. அதை அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். அந்த மிச்சத்துக்காகத்தான் ஒரு வருஷம் பழகியிருந்தேன்.

அவர் வாங்கவில்லை.

தெலுக் இந்தானை அப்போது தெலுக் ஆன்சன் என்றுதான் சொல்வோம். அங்கிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தது ஒரு தோட்டம். அந்தத் தோட்டத்துக் கிராணி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் மூன்று மணி. தூண்மேல் நிற்கும் பலகை வீடு. நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் தாம்பாளம், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். இந்தப் பக்கம் பிரம்பு நாற்காலிகளில் நான், என் அக்கா, அக்கா புருஷன். எதிரே முனுசாமி கிராணியார். முப்பது வருஷமாகத் தோட்டத்து ஆபீசில் கணக்கும் எடையும் பார்த்தவர். அவர் மகள் வசந்தாவைப் பெண் கேட்கத்தான் ஈப்போவிலிருந்து வாடகைக் கார் பிடித்துப் போயிருந்தோம்.

பெண் பார்க்கப் போன இடத்தில் வித்தை காட்டுகிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் தினமும் காலையில் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

"என்னா தம்பி, எடது கையால நீட்டுற?" என்றார் கிராணியார்.

அக்கா பக்கவாட்டில் என்னை ஒரு கிள்ளு கிள்ளினாள். உள்கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோனது.

பெரியவர்களுக்கு இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தாய்ப்பாலோடு சேர்த்துப் புகட்டிய பாடம் அது. ஆனால் என்னுடைய வலது கை அப்போது சும்மா இருக்கவில்லை. அதற்குள் இன்னோர் ஐம்பது காசு ஒளிந்திருந்தது.

அனுபவசாலிகளுக்கு மட்டும்

வினை லண்டனிலிருந்து தபாலில் வந்தது. ஒல்லியான ஒரு புத்தகம். அனுபவம் வாய்ந்த வித்தைக்காரர்களுக்கான மேசை வித்தைகளும் மேடை வித்தைகளும் அதில் இருந்தன. ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து வேறு புத்தகம் வாங்கிக்கொள்ளவும் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். அதை யாரோ மற்றவர்களுக்குச் சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன்.

அதுவரை எனக்கு இருந்த அனுபவம் ஒரு சீட்டுக்கட்டு. அதிலும் இரண்டு சீட்டு குறையும்.

புத்தகத்தைப் படித்துவிட்டு முதலில் ஆ செங்கிடம்தான் ஓடினேன். ஆ செங் ஈப்போ பழைய டவுனில், அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கடை முன்வராந்தாவில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்துக்கொண்டு கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவன். என் வயதுதான். அவனுடைய அப்பா தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்ததால் என்னைவிட நல்ல தமிழ் பேசுவான். கடிகார முள்ளைப் பிடித்துப் பழகிய அவன் விரல்கள் காசைப் பிடித்தால் அந்தக் காசு போன இடம் தெரியாது. ஈப்போவில் உண்மையான வித்தைக்காரன் என்று ஒருவன் உண்டென்றால் அவன்தான்.

முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்:

"மச்சான், அனுபவம் உள்ளவனுக்குன்னு போட்டிருக்கு."

"அதான் வாங்கினேன்."

"புத்தகத்த வாங்கலாம் லா. அனுபவத்த எங்க போயி வாங்குவ?"

பொறாமையில் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனுக்குக் கரையில் நிற்கிறவன் எல்லாம் பொறாமைக்காரன்தான்.

பின்னால் உட்கார்ந்திருந்த தலைவர்

முதலில் மேடை வித்தையில் கையை வைத்தேன். ஈப்போவை ஒட்டிய சிலிபினில் ஒரு மண்டபத்தில் தீபாவளி விருந்து நிகழ்ச்சி. காலியான அட்டைக் குழாயைச் சபைக்குக் காட்டிவிட்டு அதற்குள்ளிருந்து பட்டுத் துணிகளாக உருவ வேண்டும். துணிகளைச் சின்ன மூட்டையாகக் கட்டி மேசையின் பின்புறம் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருப்போம். மேசையைக் கடக்கும்போது குழாய் அந்த மூட்டையை விழுங்கிக்கொள்ளும். புத்தகத்தில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். படத்தில் ரசிகர்கள் முன்னால் இருந்தார்கள்.

லண்டனில் அப்படித்தான் போலிருக்கிறது. எங்கள் பக்கத்து நிகழ்ச்சிகளில் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், வட்டாரப் பிரமுகர் அத்தனை பேருக்கும் மேடையிலேயே நாற்காலி போடுவார்கள். மாலை போட்டபடி ஏழெட்டுப் பேர் என் முதுகுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து, ஆணியையும் மூட்டையையும் அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழாயை வளைத்துக் கொண்டுவந்தபோது மூட்டை ஆணியிலிருந்து நழுவியது. தலைவர் நல்ல மனிதர். எழுந்து வந்து அதைப் பொறுக்கினார். தூசியைத் தட்டினார். பக்கத்தில் மைக் இருப்பதை மறந்துவிட்டு, "தம்பி, ஒங்க துணிமூட்ட கீழ விழுந்துருச்சு" என்று என்னிடம் கொடுத்தார்.

அன்று மண்டபத்தில் விழுந்த கைதட்டல் எல்லாம் தலைவருக்கு. அடுத்த வருஷமும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு மேடை கோணல். இனிமேல் மேசை வித்தைதான் என்று முடிவு செய்தேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒருவரையோ இருவரையோ உட்காரவைத்துச் செய்வது. பின்னால் தலைவர் இருக்க மாட்டார்.

புத்தகத்தின் மேசை வித்தைப் பகுதியில் முதலில் இருந்தது காசு வித்தை. ஒரே மாதிரி இரண்டு காசு. ஒன்றை வலது உள்ளங்கையில் ஒளித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றை இடது கையால் எதிரே இருப்பவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். அவர் திருப்பித் தந்ததும் அதைக் காணாமல் போக்கிவிட்டு, ஒளித்த காசை அவருடைய முழங்கையிலிருந்து எடுக்க வேண்டும். அவ்வளவுதான். எங்கள் ஐம்பது காசு அதற்கென்றே அச்சடித்த அளவில் இருந்தது.

அக்கா வீட்டு அலமாரியின் நிலைக்கண்ணாடி முன்னால் ஒரு வருஷம் பழகினேன். இந்த இடத்தில் நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று இடது கையை நீட்டுங்கள். உள்ளே இருப்பவன் உங்களை நோக்கி வலது கையை நீட்டுவான். அந்த ஒரு வருஷமும் அவன் என்னிடம் மரியாதையாக வலது கையால்தான் காசு கொடுத்தான். ஒருநாள்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆ செங்கிடம் செய்து காட்டியபோது காசை அவன் பெட்டிமேல் வைத்தேன், அவனே எடுத்துக்கொண்டான். வேறு யாரும் என் கையிலிருந்து வாங்கியதில்லை.

அறுபத்திரண்டு மில்லிமீட்டர்

பிழைப்புக்கு நான் செய்த வேலையைச் சொல்ல மறந்துவிட்டேன். ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் உதவியாளன். பகலெல்லாம் மற்றவர்களுக்குக் கண் தெரியவைப்பேன், சாயங்காலம் தெரியாமல் செய்யப் பார்ப்பேன்.

அந்தக் கடைக்குத்தான் வசந்தா வந்தாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. உடன் வேலை செய்யும் தோழியோடு பஸ் ஏறி வந்திருந்தாள். பழைய கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூல் சுற்றிக் கட்டியிருந்தது. இரண்டு கருவிழிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று மூக்கின்மேல் சின்ன அளவுகோலை வைத்துப் பார்ப்போம். அறுபத்திரண்டு மில்லிமீட்டர் என்று எழுத வேண்டிய நான் மூன்று தடவை அளந்தேன்.

"சரியா வரலியா?" என்றாள்.

"வருது. ஒரு தடவ நிச்சயம் பண்ணிக்கிறேன்" என்றேன். காது சிவந்துவிட்டது எனக்கே தெரிந்தது.

அவளுக்குப் பார்வை மைனஸ் ஐந்தேகால். கண்ணாடி இல்லாமல் ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் எல்லாம் மங்கல்தான். எந்தச் சட்டம் நன்றாக இருக்கும் என்று என்னையே கேட்டாள். பழுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு நேராக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு நாலு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் நான் என்ன ஆவேன் என்று யோசித்து யோசித்து அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா கெட்டிக்காரி. கடையில் பார்த்துப் பழக்கம் என்று சொன்னால் கிராணியார் கதவைக்கூடத் திறக்க மாட்டார் என்று, "கோயில் திருவிழாவுல எங்க சொந்தக்காரங்க பொண்ணப் பாத்தாங்க" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். வரச் சொல்லிவிட்டார்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள் ஆ செங்கிடம் வித்தை காட்டப் போவதைச் சொன்னேன். பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து கழற்றினான்.

"அங்க செய்யாத மச்சான். புது வித்தைய எப்பவும் தெரியாத ஆளுங்ககிட்டத்தான் செய்யணும். ஒன்னப் பத்தி அவன் என்னா நெனச்சாலும் பரவால்லங்கிற எடத்துல."

"நான் ஒரு வருஷம் பழகியிருக்கேன் லா."

"ஆலமாக்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

பவுடர் போட்ட கை

வசந்தா கோப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். மூக்குக்கண்ணாடி இல்லை.

பிறகு தெரிந்தது, அது அவளுடைய அத்தை செய்த ஏற்பாடு. "மாப்ள கண்ணாடிக் கடையில வேல பாக்குறாரு. நாள் பூரா கண்ணாடிபோட்ட மூஞ்சியப் பாத்துச் சலிச்சிருப்பாரு. வீட்டுலயும் அதுவேவா?" என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டாராம். அந்தக் கண்ணாடியைச் செய்தவனே வந்து உட்கார்ந்திருப்பது அத்தைக்குத் தெரியாது.

பாவம், அவள் காலால் தடவித் தடவி நடந்து வந்தாள். மாப்பிள்ளைக்கு என்று முதல் கோப்பையை அக்கா புருஷனிடம் நீட்டிவிட்டு வெட்கப்பட்டாள். அவர் ரப்பர் தொழிற்சாலையில் மேலாளரையே எதிர்த்துப் பேசுகிறவர். அன்று முழித்த முழி எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிறகு அவள் உள்கதவை ஒட்டிப் போய் நின்றாள்.

யாருக்குக் காட்ட வந்தேனோ அவளுக்கு நான் உட்கார்ந்திருப்பதே தெரியாது. என் காசு எங்கே தெரியப் போகிறது? புத்தியுள்ளவனாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். அப்பாவை மயக்கினால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கை வறண்டிருந்தால் காசு நழுவும், லேசாக ஈரப்படுத்திக்கொள்ளுங்கள் என்றது புத்தகம். தெலுக் ஆன்சன் வெயிலில் என் உள்ளங்கையைப் பிழிந்தால் ஒரு கோப்பை தண்ணீர் வரும். அதனால் காரில் வரும்போதே வலது கையில் முகப் பவுடரை அள்ளி அப்பியிருந்தேன்.

"ஐயா, ஒரு சின்ன வித்த. இந்தக் காச வாங்கிப் பாருங்க" என்று நீட்டினேன். அப்போதுதான் அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார்.

பலகை இடுக்கு

அனுபவசாலி என்றால் என்ன செய்திருப்பான்? ஆ செங்காக இருந்தால் பேசிக்கொண்டே கையை மாற்றியிருப்பான். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் திடுக்கிட்டுப்போய், "மன்னிச்சுக்குங்கய்யா" என்று எழுந்து நின்று, இடது கைக் காசை வலது கை விரல்களுக்கு மாற்றினேன். ஒளிந்திருந்த காசு பவுடரில் வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

"ஐயோ!" என்றேன். வித்தைக்காரன் ஒருபோதும் சொல்லக் கூடாத சொல் அது.

காசு பலகையில் விழுந்து, முக்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, கிராணியாரின் கால் பெருவிரலைத் தொட்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் இறங்கிவிட்டது. வீட்டுக்கு அடியில் ஒரு கோழி கத்தியது. என் வாழ்நாளிலேயே ஒழுங்காக மறைந்த காசு அது ஒன்றுதான். இன்றுவரை கிடைக்கவில்லை.

"ரெண்டு காசா வெச்சிருந்த?" என்றார் கிராணியார்.

விரலில் இருந்த காசைத் தாம்பாளத்தில் போட்டேன். இனிமேல் ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வலது கை மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக இருந்தது.

"ரப்பர் பால்ல தண்ணி கலந்து நிறுக்கக் கொண்டாருவானுங்க. முப்பது வருஷம் அந்தக் கைங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அவர். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. "ஒரு கைல ஒளிச்சிட்டு மறு கையால நீட்டுற ஆளுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன். கோப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

"ஐயா, அது சும்மா வெளையாட்டுங்க. தம்பி நல்ல புள்ளைங்க" என்றாள் அக்கா. அழுதுவிடுவாள் போல் இருந்தது. நான் ஏற்கெனவே அந்த நிலையைத் தாண்டிவிட்டேன்.

அப்போது உள்கதவுப் பக்கமிருந்து வசந்தாவின் குரல் வந்தது.

"அப்பா, அவங்க காச ஒளிச்சாங்க. நம்ம மட்டும் என்னாவாம்? எங் கண்ணாடிய ஒளிச்சு வெச்சிருக்கோம்ல. அத்த, குடுங்க."

பெண் பார்க்கிற இடத்தில் பெண் வாய் திறந்து பேசுகிற காலமில்லை அது. "அடியே!" என்றார் அத்தை. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அத்தை இடுப்பு மடிப்பிலிருந்து பழுப்பு நிறக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். வசந்தா அதை முந்தானையில் துடைத்து, போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் இன்னும் கையை மடக்கவில்லை.

ஐந்தேகால்

கிராணியார் மகளைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஈப்போவுல செஞ்ச கண்ணாடி. ஒங்க கடையா?"

அக்கா மறுபடியும் கிள்ள வந்தாள், நான் எட்டத்தில் நின்றேன்.

"ஆமாங்கய்யா. நாந்தான் அளவெடுத்தேன்."

"கோயில்ல பாத்ததா சொன்னாங்க."

"கோயில் இல்லீங்க. கடையிலதான்."

கோயில் கதை அங்கேயே செத்தது. அக்கா புருஷன் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"அப்ப எல்லாம் தெரிஞ்சேதான் வந்திருக்க. கண்ணு மைனஸ் அஞ்சுன்னு தெரியும்?"

"அஞ்சேகாலுங்கய்யா" என்றேன்.

ஏன் திருத்தினேன் என்று எனக்கே தெரியாது. தொழில் பழக்கம். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கிராணியார் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கோபத்தில் என்று நினைத்தேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"ஒக்காரு. அத எப்பிடிச் செய்யணும்னு காட்டு. வலது கையால குடுத்துச் செய்யி."

"எனக்கு அந்தக் கை வராதுங்கய்யா. ஒளிக்கிறதுக்கு மட்டுந்தான் அது பழகியிருக்கு."

"அப்ப சொல்லிக்குடு. நான் செய்றேன்."

சட்டைப் பையிலிருந்து இன்னோர் ஐம்பது காசை எடுத்து என்னிடம் கொடுத்தார். தாம்பாளத்தில் கிடந்ததோடு சேர்த்து இரண்டாயிற்று. வித்தையின் உள்வேலையை யாருக்கும் சொல்லக் கூடாது என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் இடது கையில் ஒளித்தார், வலது கையால் கொடுத்தார். மூன்றாவது தடவையே என் முழங்கையிலிருந்து காசு வந்தது. தண்ணீர் கலந்த பாலைப் பிடித்தவருக்குக் கலக்கிறவன் விரல் எப்படி மடங்கும் என்பது மனப்பாடமாக இருந்தது.

அத்தை வசந்தாவை உள்ளே கூட்டிப்போய்க் காதில் என்னவோ கேட்டுவிட்டு வந்தார். "சரிங்குது" என்றார். கூடத்தில் இருந்தவர்களில் நான் ஒருவன்தான் அதை நம்பவில்லை. "யாருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன். அக்கா இந்தத் தடவை கிள்ளியே விட்டாள்.

மாமனாரின் முழங்கைகள்

உள்வேலையைச் சொல்லிவிட்டேன் என்றதும் ஆ செங் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. கல்யாணப் பந்தியில்தான் சமாதானம் ஆனான். அதற்குக் காரணம் என் மாமனார். பந்தியில் வரிசையாகப் போய் ஒவ்வொருவர் முழங்கையிலிருந்தும் ஐம்பது காசு எடுத்துக்கொண்டிருந்தார்.

"பகூஸ்! இவருக்குத்தான் கை. நீ கண்ணாடியவே பாரு மச்சான்" என்றான் ஆ செங், வாய் நிறையச் சோற்றோடு.

இரண்டு மூன்று வருஷம் கழித்து உறவில் ஒரு காதுகுத்து. அங்கேயும் மாமனார்தான் கூட்டத்தைக் கட்டிப்போட்டிருந்தார். என்னை வித்தைக்காரர் மருமகன் என்று அறிமுகம் செய்துவைத்தார்கள். அதாவது வித்தைக்காரர் அவர், மருமகன் நான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வசந்தாவிடம் நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு எல்லார் முன்னாலயும் எனக்காகப் பேசினியே. ஒங்கப்பா அடிச்சிருந்தா?"

"ஒங்களுக்காகவா?" என்றாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலங்க. என்னமோ விழுந்துச்சு, கோழி கத்துச்சு, அப்பா கெளம்புங்கன்னாரு. என்னா நடக்குதுன்னு யாருமே சொல்லல. எனக்குக் கண்ணாடி வேணும்னு இருந்துச்சு, கேட்டேன்."

இத்தனை வருஷம் நான் மனத்துக்குள் கட்டி வைத்திருந்த கோட்டை தாம்பாளம்போல் சத்தம் போட்டுக்கொண்டு விழுந்தது. சிரித்து மழுப்பினேன்.

"அப்பறம் எதுக்குச் சரின்ன?"

அவள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"கண்ணாடியப் போட்டதும் மொதல்ல தெரிஞ்சது ஒங்க ரெண்டு கையுந்தான். விரிச்சுக்கிட்டு நின்னீங்க, பவுடர் அப்பிக்கிட்டு. மூஞ்சியில எழவு வீட்டுக் களை. அப்பா கேக்க கேக்க எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்க. இந்த மனுசன் ஒளிக்கணும்னு நெனச்சாலும் ஒளிக்க வராதுன்னு தெரிஞ்சுபோச்சு. இவர நம்பி எங்கயும் போலாம்னு தோணுச்சு. சரின்னேன்."

ஊரை ஏமாற்றுவதற்காகப் புத்தகம் வாங்கி, ஒரு வருஷம் நின்று பழகிய ஒருவனிடம் சொல்கிற வார்த்தையா இது? கம்பார் டவுன் தாண்டி, ஈயம் தோண்டிய குட்டைகள் வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கிறவன்போல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று வேறு சொன்னேன்.

அவள் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையை எடுத்து, என் மடியில் வைத்தாள்.